காரணம் எதுவும் குறிப்பிடாமல்

எங்கள் கம்பெனி கொடுக்கும் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் பதினான்காவது ஷரத்து ஒன்று உண்டு. இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்தோ, அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கொடுத்தோ, காரணம் எதுவும் குறிப்பிடாமல் வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று அது சொல்லும். பன்னிரண்டு வருஷமாக ஹெச்.ஆரில் இருக்கிறேன். இந்த வரியோடு எத்தனை ஆர்டரை பிரின்ட் எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. இதுவரை ஒருவர்கூட அதைப் படித்துவிட்டு என்னிடம் கேள்வி கேட்டதில்லை. பேசிக் எவ்வளவு, கையில் எவ்வளவு வரும் என்று பார்ப்பார்கள். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். 2013இல் கோயம்புத்தூரில் என் முதல் வேலைக்கு நானும் அப்படித்தான் போட்டேன்.

எம்.எஸ்.டபிள்யூ. முடித்த கையோடு கிடைத்த வேலை. பம்ப்செட் கம்பெனி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு, கேன்டீன் டோக்கன், வேலை நேரத்தில் கை நசுங்கியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடுவது, எல்லாம் நான்தான். பீளமேட்டில் இரண்டு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அதில் ஒருவன் எங்கள் கம்பெனி அக்கவுன்ட்ஸில் இருந்தான். 2015 மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், சார்ஜில் கிடந்த என் போனில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. திரையில் தெரிந்த இரண்டு வரியே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. சண்டை போடவில்லை. என்னிடம் கேட்கவும் இல்லை. அன்றைக்கு ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தான், அவ்வளவுதான். புதன்கிழமை கேன்டீனில் என் மேஜையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை ஜி.எம். கூப்பிட்டார்.

"தம்பி, உக்காருங்க. காப்பி சொல்லட்டுங்களா?"

காப்பி வரும்வரை வெயிலைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்: "எனக்கும் உங்க வயசுல பையன் இருக்கறான். உங்களப் போகச் சொல்ல எனக்கு மனசே வரலீங்க தம்பி. ஆனா பேச்சு ஷாப் ஃப்ளோர் வரைக்கும் போயிருச்சு. நீங்களே பேப்பர் போட்டுட்டீங்கன்னா உங்களுக்கும் நல்லதுங்க, நமக்கும் நல்லதுங்க. எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்ட நல்லபடியா எழுதித் தரச் சொல்றன்."

என்ன பேச்சு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். அந்த வருஷம் தீபாவளி போனஸுக்காகத் தொழிலாளர்கள் பக்கம் நின்று முதலாளியோடு மல்லுக்கு நின்றவர். நான் எழுந்து, "ரொம்ப நன்றிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பத்து வருஷம் கழித்தும், வேலை போனதைவிட, அந்த நன்றிதான் ராத்திரிகளில் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

ஹெச்.ஆர். எக்ஸிகியூட்டிவ் நான் ஒருத்தன்தான். அதனால் என் எக்ஸிட் படிவத்தையும் நானேதான் பூர்த்தி செய்தேன். 'விலகுவதற்கான காரணம்' என்ற கட்டத்தில் 'பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்' என்று எழுதினேன். பெருந்துறையில் வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார்: "ஏங்கண்ணு, நல்ல வேலைதான, எதுக்கு உட்டுட்டு வந்த?" சம்பளம் பத்தலைம்மா என்றேன்.

ஏன் எதிர்த்துக் கேட்கவில்லை என்று இப்போது சின்னப் பசங்க கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் 2015 என்பது எந்த வருஷம் என்று ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. 2009 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது. 2013 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நான் வேலைக்குச் சேர்ந்து ஆறாவது மாதம். ஒரே நாளில் மறுபடியும் குற்றவாளி. அந்த நிலைமையில், என்னை இதற்காக வேலையை விட்டு அனுப்புகிறார்கள் என்று எங்கே போய் எழுதிக் கொடுத்தாலும், அது புகார் மனுவாக இருக்காது, ஒப்புதல் வாக்குமூலமாகத்தான் இருக்கும்.

சட்டம் குற்றம் என்று சொல்லாமல் இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்பதற்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. அதை நான் 2016இல் 'அலிகர்' படம் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்திப் பேராசிரியராக இருந்த ஸ்ரீனிவாஸ் ராமச்சந்திர சிராஸ். 2010 பிப்ரவரி 8ஆம் தேதி இரவு, கேமராவோடு அவர் வீட்டுக்குள் நுழைந்து, அவர் இன்னொரு ஆணோடு இருந்ததைப் படம்பிடித்தார்கள். பல்கலைக்கழகம் அவரைத்தான் சஸ்பெண்ட் செய்தது. ஓய்வு பெற அவருக்குச் சில மாதங்களே இருந்தன. தேதியைக் கவனியுங்கள்: டெல்லி தீர்ப்புக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் நடுவிலான காலம். அவர் செய்தது குற்றமில்லை என்று ஒரு உயர் நீதிமன்றம் சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. இருந்தும் வேலை போயிற்று. அவர் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 1ஆம் தேதி சஸ்பென்ஷனுக்குத் தடை வாங்கினார். ஏப்ரல் 7ஆம் தேதி அவர் வாடகைக்கு இருந்த அறையில் இறந்துகிடந்தார்.

படத்தில் மனோஜ் பாஜ்பாய் தனியாக உட்கார்ந்து பழைய பாட்டுக் கேட்கும் காட்சிக்கு எல்லாரும் அழுதார்களாம். எனக்கு அழுகை வரவில்லை. எனக்குள் இருந்த ஹெச்.ஆர். ஆசாமி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான். சிராஸ் கோர்ட்டுக்குப் போக முடிந்தது, ஏனென்றால் அவரை வேலைக்கு வைத்திருந்தது மத்தியப் பல்கலைக்கழகம். அரசியலமைப்பின் 14, 15, 16ஆம் பிரிவுகள் எல்லாம் அடிப்படையில் அரசைப் பார்த்துப் பேசுகிறவை. அரசு இப்படிப் பாகுபாடு காட்டக் கூடாது, அரசு வேலையில் இப்படிச் செய்யக் கூடாது என்கின்றன. பம்ப்செட் கம்பெனி அரசு இல்லை.

2018 செப்டம்பர் 6 எல்லாருக்கும் தெரியும். நான் அதற்குள் சென்னைக்கு வந்துவிட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை. தீர்ப்பு வந்த நேரத்தில் நான் ஐம்பது அப்ரென்டிஸ் பையன்களுக்கு பாதுகாப்புக் காலணி வழங்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் நம்பர் ஷூ தீர்ந்துபோய் ஒரே கூச்சல். போனில் செய்தியைப் பார்த்துவிட்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றேன். பிறகு வந்து ஒன்பதாம் நம்பரையே கொடுத்துச் சமாளித்தேன். அன்று அரசியல் சாசன அமர்வில் ஐந்து நீதிபதிகளும் ஒரே முடிவைச் சொன்னார்கள். பாலினத்தின் பேரில் பாகுபாடு கூடாது என்கிற 15ஆம் பிரிவுக்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்கிற வாதம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனால் மறுநாள் காலையிலும் எங்கள் ஆர்டரில் பதினான்காவது ஷரத்து அப்படியேதான் இருந்தது.

இது புலம்பல் இல்லை, தொழில் ரீதியாகச் சொல்கிறேன். ஒரு தனியார் கம்பெனியில் தன்பாலீர்ப்பாளன் என்பதற்காக ஒருவரை அனுப்பிவிட்டால், அவர் புகாரை எந்த ஃபைலில் போடுவது என்று பல முறை எனக்குள் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பணியிடப் பாலியல் தொந்தரவுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கானது. 2025 வரை நடைமுறையில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்துக்குப் போக அவர் 'தொழிலாளி' என்ற விளக்கத்துக்குள் வர வேண்டியிருந்தது. மேனேஜர் என்று பட்டம் கொடுத்து, அதற்கேற்ற பொறுப்பையும் கொடுத்திருந்தால் கதவு மூடிவிடும். எச்.ஐ.வி. உள்ளவர்களை அதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2017இல் சட்டம் வந்தது, மாற்றுத்திறனாளிகளுக்கு 2016இல் வந்தது. எல்லா அலமாரியும் இருக்கிறது. ஒவ்வொன்றும் பல வருஷப் போராட்டத்தில் கிடைத்தது. நமக்கானது மட்டும் இல்லை. சசி தரூர் 2017இல் மக்களவையில் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பாகுபாட்டுக்கு எதிரான பொதுவான சட்டம், பாலீர்ப்பும் அதில் இருந்தது. தனிநபர் மசோதாக்களின் வழக்கமான கதிதான் அதற்கும்.

2020 ஜூன். ஊரடங்கு. வீட்டில் உட்கார்ந்து யார் யாருக்குச் சம்பளப் பிடித்தம் என்று எக்செல் ஷீட் போட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் போஸ்டாக் தீர்ப்பைப் படித்தேன். ஜார்ஜியா மாநிலத்தில் கிளேட்டன் கவுன்டி நிர்வாகத்தில் குழந்தைகள் நலப் பிரிவில் வேலை பார்த்தவர் ஜெரால்ட் போஸ்டாக். பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ். தன்பாலீர்ப்பு ஆண்கள் சேர்ந்து ஆடும் ஒரு சாஃப்ட்பால் லீகில் சேர்ந்தார், கொஞ்ச நாளில் வேலை போயிற்று. 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தில் தன்பாலீர்ப்பு என்ற சொல்லே கிடையாது. அதைச் சேர்க்கத் தனிச் சட்டம் கொண்டுவர 1994இலிருந்து திரும்பத் திரும்ப முயன்று நடக்கவில்லை. நீதிமன்றம் அந்தச் சட்டத்தில் ஏற்கெனவே இருந்த 'பாலினம்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துக்கொண்டது. ஆறுக்கு மூன்று. தீர்ப்பை எழுதிய நீல் கோர்சச், டிரம்ப் நியமித்த பழமைவாத நீதிபதி.

அந்த வாதத்தை என் ஆபீஸ் பாஷையில் இப்படிச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண், "எங்க வீட்டுக்காரருக்கு இன்னிக்கு பர்த்டே" என்று சொல்லி எல்லாருக்கும் கேக் கொடுக்கிறார். அதே வார்த்தைகளைச் சொல்லி நானும் கேக் கொடுக்கிறேன். அவருக்கு வேலை இருக்கிறது, எனக்குப் போய்விடுகிறது. அவர் பெண், நான் ஆண் என்பதைத் தவிர எங்கள் இருவருக்கும் வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை. அப்படியென்றால் என்னை நீக்கியது என் பாலினத்தை வைத்துத்தானே?

இதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் வேலைகள் பதினான்காவது ஷரத்து மாதிரிதான், இன்னும் மோசம். நோட்டீஸே வேண்டாம். எந்தக் காரணமும் இல்லாமல் முதலாளி இன்றைக்கே போ என்று சொல்லலாம். ஆனால் சில காரணங்களுக்காகச் சொல்லக் கூடாது. இனத்துக்காக, மதத்துக்காக, பாலினத்துக்காகக் கூடாது. இந்த 'ஆனால்' இருப்பதால், ஒருவர் வழக்குப் போட்டால் முதலாளி வேறொரு காரணத்தை எடுத்துக் காட்டியாக வேண்டும். கோயம்புத்தூர் ஜி.எம்.முக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. அவர் ஒரு காப்பியோடு முடித்துக்கொண்டார்.

இந்த வழக்கோடு சேர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் திருநங்கை ஏமி ஸ்டீஃபன்ஸ் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்னால் இறந்துவிட்டார். ஸ்கைடைவிங் பயிற்சியாளரான டொனால்ட் ஸார்டா 2014இலேயே இறந்திருந்தார். மூவரில் வெற்றியைப் பார்க்க உயிரோடு இருந்தவர் போஸ்டாக் மட்டும்தான்.

இங்கே நடந்தது வேறு விதம். திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. அது மக்களவையைத் தாண்டவில்லை. அரசு தன் பங்குக்கு வேறொன்றைக் கொண்டுவந்து 2019இல் சட்டமாக்கியது. மாவட்ட ஆட்சியரிடம் போய் சான்றிதழ் வாங்கித்தான் நீ யார் என்று நிரூபிக்க வேண்டுமா என்று திருநர் சமூகமே அதை எதிர்த்துத் தெருவில் நின்றது, சரியாகத்தான் நின்றது. ஆனாலும் அதில் 9ஆம் பிரிவு இருக்கிறது. வேலைக்கு எடுப்பதிலோ பதவி உயர்விலோ திருநரிடம் எந்த நிறுவனமும் பாகுபாடு காட்டக் கூடாது. மீறினால் என்ன தண்டனை என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 11ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். 2020இல் வந்த விதிகளின்படி சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடவும் வேண்டும்.

2021இல் எங்கள் கம்பெனிக்கு அந்தக் கொள்கையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. இங்கிலீஷில் ஒன்று, நோட்டீஸ் போர்டுக்குத் தமிழில் ஒன்று. சாதி, மதம், பால், பாலின அடையாளம் என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவன், மாற்றுத்திறனுக்கு முன்னால் 'பாலீர்ப்பு' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். சேர்த்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து அது இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அனுப்பினேன். மூன்றாம் நாள் லீகல் கன்சல்டன்ட்டிடமிருந்து ஃபைல் வந்தது. அந்தச் சொல்லின் மேல் சிவப்புக் கோடு. ஓரத்தில் ஒரு குறிப்பு: சட்டம் இதைக் கேட்கவில்லை, இல்லாத பொறுப்பை நாமாக ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? அவர் எழுதியதில் சட்டப்படி பிழையே கிடையாது. நான் 'அக்செப்ட் சேஞ்சஸ்' அழுத்தினேன்.

பெரிய கம்பெனிகளின் பாலிசியில் அந்தச் சொல் இருக்கிறதே என்பீர்கள். ஓ.எம்.ஆரில் ஒரு அமெரிக்கக் கம்பெனியில் இருக்கும் நண்பன் அப்படித்தான் சொல்லுவான். ஜூன் மாதம் ஆனால் அவர்கள் லிஃப்ட் கதவுகூட வானவில் நிறத்தில் இருக்கும். 2025 ஜனவரியில் டிரம்ப் மறுபடி வந்ததும் அங்கே தலைமை அலுவலகத்தில் காற்று மாறியது. இங்கே அவர்களுடைய குழுவின் மெயில் ஐ.டி. ஒரு வாரத்தில் வேலை செய்யாமல் போயிற்று. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. போஸ்டாக் தீர்ப்பு மட்டும் அங்கே அப்படியே இருக்கிறது.

சரி, எங்கள் கம்பெனியில் புகார் அதிகாரி யார் என்று ஊகித்திருப்பீர்கள். நான்தான். நோட்டீஸ் போர்டில் என் பெயரும் எக்ஸ்டென்ஷன் நம்பரும்.

2022இல் ஒரு திருநங்கை வேலைக்கு விண்ணப்பித்தார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ, முன்அனுபவம் இரண்டு வருஷம். தேர்வில் நல்ல மார்க். லைன் சூப்பர்வைசர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்: "சார், எனக்கு ஒண்ணும் இல்ல சார். பசங்க ஒத்துக்க மாட்டாங்க. பாத்ரூம் பிரச்சன வரும். நீங்களே பாத்து ஏதாவது சொல்லி அனுப்பிடுங்க." நான் சட்டத்தின் அந்தப் பக்கத்தை பிரின்ட் எடுத்துக்கொண்டு பிளான்ட் ஹெட்டிடம் போனேன். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகப் போயிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டு அரை நிமிஷம் படித்தார். "சட்டத்துல இருக்கா? அப்ப எதுக்குப்பா கேக்கற, போட்டுக்கோ" என்றார். நியாயம், சமத்துவம், மனிதாபிமானம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதையும் நான் பேசவேயில்லை. பாத்ரூம் பிரச்சினை வரத்தான் செய்தது. பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைப் பூட்டு மாற்றிக் கொடுத்தோம். அது அவருடைய லைனிலிருந்து ஆறு நிமிஷ நடை. இதை வெற்றிக் கதையாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவர் இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.

அவர் சேர்ந்த அடுத்த வருஷம் ஆயுத பூஜை அன்று, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நோட்டீஸ் போர்டில் பார்த்தேன், புகார் எல்லாம் உங்களிடம்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க யார்கிட்டண்ணா குடுப்பீங்க?" என்றார்.

அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சுண்டலில் தேங்காய் கம்மி என்றோ என்னவோ சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

2024 தொடக்கத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர் போன் செய்தார். டிப்ளமோ டிரெய்னி பையன் ஒருவன், விழுப்புரம் பக்கம். கம்பெனி எடுத்துக் கொடுத்த வீட்டில் எட்டுப் பேரோடு தங்கியிருந்தான். கூட இருந்தவர்கள் அவன் போனை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் 'ஒம்போது' என்று ஆரம்பித்து என்னென்னவோ ஓடியிருக்கிறது. "டிரெய்னிதானேப்பா. பதினாலாவது கிளாஸ் போட்டு நீட்டா முடிச்சு விட்ரு" என்றார்.

லெட்டரின் மாதிரி என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயர், எம்ப்ளாயி நம்பர், தேதி மூன்றையும் மாற்றினால் போதும். பெயரை மாற்றினேன். நம்பரையும் மாற்றினேன். பிறகு அதை மூடிவிட்டு ஒரு மெயில் எழுதினேன். இந்த டிரெய்னியின் முதல் ஆறு மாத மதிப்பீடு நன்றாக இருக்கிறது, நீக்குவதற்கான காரணத்தை எழுத்தில் அனுப்பினால் கோப்பில் வைத்துக்கொள்கிறேன், கஸ்டமர் ஆடிட்டில் கேட்கிறார்கள் என்று. ஆடிட் சங்கதி முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. எந்தச் சட்டமும் என்னை அப்படிக் கேட்கச் சொல்லவில்லை. சென்ட் அழுத்திய பிறகு விரல் நடுங்கியது. உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அவர் ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது.

பதில் வரவில்லை. மூன்று நாள், ஒரு வாரம், ஒரு மாதம் ஆனது. காரணத்தை எழுத அவரால் முடியவில்லை. அந்த லெட்டரும் போகவில்லை. பையனை வேறு வீட்டுக்கு மாற்றினேன். அவனை நைட் ஷிஃப்ட்டில் தொடர்ந்து போட்டார்கள், அதில் நான் எதுவும் செய்ய முடியவில்லை. கேன்டீனில் அவன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு போய் எதிரில் உட்கார வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். இரண்டு தடவை உட்கார்ந்தேன். ஊர், மழை, அண்ணன் கல்யாணம் என்று பேசினோம். என்னைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை.

ஐந்தாவது மாதம் அவனே பேப்பர் போட்டான். எக்ஸிட் படிவத்தை என் எதிரில் உட்கார்ந்துதான் நிரப்பினான். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் யோசிக்கவேயில்லை. 'பெட்டர் ப்ராஸ்பெக்ட்ஸ்'. யாரோ சொல்லிக் கொடுத்த மாதிரி.

"வேற ஏதாவது எழுதணும்னா எழுதலாம், தம்பி. பின்னாடி இடம் இருக்கு."

"இல்ல சார், இதே போதும்" என்றான். எழுந்து நின்று, "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றான்.

கதவு வரைக்கும் போனவன் திரும்பி, "ரிலீவிங் லெட்டர் எப்ப சார் வரும்?" என்று கேட்டான். ஏழு வேலை நாளில் வந்துவிடும் என்றேன்.